பத்தாவது கதவு

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன் அம்மா. ஒரே ஒரு வார்த்தை மட்டும் போகமாட்டேங்கு" என்றார் ஆவுடையப்பன்.

மடத்துத் தலைவி ஞானாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என்ன வார்த்தை?"

"அதைச் சொல்ல வாய் வரல."

"சரி" என்று அடுத்த கட்டுக் கீரையை எடுத்தாள்.

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்து நாலு. முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்தவர். ஊரார் நிலத்துக்கெல்லாம் சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்டவர். ஞானாம்பாளுக்கு நாற்பத்தொன்று. தூத்துக்குடியில் அப்பாவின் மரக்கடையில் வளர்ந்து, பிறகு இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவள். தன்னைவிட இத்தனை வயது இளையவளை 'அம்மா' என்று கூப்பிட அவருக்கு முதல் வாரம் நாக்கு கூசியது. எட்டு மாதத்தில் பழகிவிட்டது.

"குருபூஜைக்கு மறுநாள் எனக்குக் காவி கொடுத்திருங்க. அதோட எல்லாம் உரிஞ்சு போயிரும்" என்றார்.

அந்த மடத்தில் காவி வாங்க ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். உயிரோடு இருக்கிற சொந்தங்கள் ஒவ்வொருவர் பேரையும் வாய்விட்டுச் சொல்லி, ஒரு பேருக்கு ஒரு கை தண்ணீர் விட்டு, விடை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அப்பா இல்லை, அண்ணன் இல்லை, ஒன்றும் இல்லை.

"எத்தனை பேரு சொல்லணும் நீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு யாரும் இல்லம்மா."

அம்மா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் கீரைக்குப் போய்விட்டாள்.

அவர் சொன்னது பச்சைப் பொய்.

மனைவி பிரமநாயகி இறந்து ஐந்து வருடம் ஆகிறது, அது உண்மை. முப்பது வருடத்துக்கு மேல் கூட இருந்தவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏ, இந்தா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மகள் ஒருத்தி மதுரையில் இருக்கிறாள், பேர் வடிவு. அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அதையும் ஒரு கல்யாண வீட்டில் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் கேள்விப்பட்டார். குழந்தை பேரை அந்த மனிதர் சொல்ல வருமுன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

கைப்பேசியை ஊரிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியத்தில் மடத்து விலாசத்துக்கு மகளிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. எட்டுக் கடிதங்களையும் பிரிக்காமல் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். அடுப்பில் போட்டிருக்கலாம். சமையற்கட்டு பத்தடி தூரம்தான். போடவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நமக்குத் தெரியும், சொல்ல மாட்டோம்.

கீரை முடிந்தது. அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சமையற்கட்டு அலமாரியைப் பாத்திருக்கியளா?"

"பச்சைப் பெயிண்ட் அடிச்சது."

"உள்ளே தேக்கு. பத்துக் கதவு. பெயிண்டைப் பூரா உரிச்சு மரமாக்கித் தாங்க. குருபூஜைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு."

ஆவுடையப்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. குருமார்கள் இப்படித்தான் சோதிப்பார்கள் என்று அவர் நிறையக் கேட்டிருக்கிறார். செய்து காட்டிவிட்டால் போகிறது.

சமையற்கட்டு பேச்சியம்மாளின் ராஜ்யம். ஐம்பது வயது, கணீரென்ற குரல், மனதில் ஒன்றும் தங்காது. தினமும் மதியம் "அண்ணாச்சி, சாப்பிட வாரியளா" என்று அவள் கத்துவது ஆற்றின் அக்கரை வரை கேட்கும்.

கதவைக் கழற்றப் போன அன்றைக்கே அவளிடம் சொல்லிவைத்தார்.

"யாராவது என்னைத் தேடி வந்தா, அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லிரு."

"சொல்லுதேன். பாவம் உங்களைச் சேரட்டும்."

முதல் கதவைப் பின்கட்டுக்குத் தூக்கி வந்து, இரண்டு பெஞ்சுக்கு மேல் கிடத்தினார். பெயிண்ட் உரிக்கிற மருந்தைப் பூசினார். பூசின கையோடு இரும்புத் தகட்டை எடுத்து, எல்லைக்கோடு போடுகிறவர் மாதிரி ஒரே இழுப்பு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

பெயிண்ட் போகவில்லை. மரத்தில் ஒரு கோடு விழுந்தது.

மறுபடி இழுத்தார். இன்னொரு கோடு.

அம்மா வந்து கதவில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"குறுக்க இழுத்திருக்கிய."

"சீக்கிரம் போகட்டும்னுதான்."

"மருந்து பூசி எவ்வளவு நேரம் இருந்திய?"

"எங்க இருந்தேன்? பூசினேன், இழுத்தேன்."

"பூசிட்டு கையைக் கட்டிட்டு உட்காருங்க. அதுவா எழும்பும். எழும்பின பிறகு மரம் ஓடுத பக்கமாத் தகட்டை விடுங்க. அது ஓடுத பக்கம் நீங்க போனா, அது உங்களை ஒண்ணும் செய்யாது."

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவருக்கு அது கஷ்டமான காரியம் இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கால் மணி நேரத்தில் பச்சை பால் ஆடையைப் போல் சுருங்கி எழும்பியது. தகட்டை வைத்ததும் சுருளாக வந்தது. அடியில் நீலம்.

"அட, நீலம்! எங்க மாமியா இங்க சமைச்ச காலத்துல இந்தக் கலர்தான்" என்றாள் பேச்சி, வாசலில் நின்று.

நீலத்துக்கு அடியில் சந்தன நிறம். அதற்கும் அடியில் காப்பிப் பொடி நிறத்தில் ஒன்று. அது யார் காலம் என்று பேச்சிக்கும் தெரியவில்லை. மடத்துக்கு வந்த ஒவ்வொரு தலைவரும் தன் பங்குக்கு ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். நாலாவது பூச்சும் உரிந்த இடத்தில் மரம் தெரிந்தது.

ஆவுடையப்பன் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

தேன் நிறம். உள்ளே ரேகைகள் நீளநீளமாக ஓடின. யாரும் சங்கிலி பிடித்துப் போட்ட ரேகை இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதே பேச்சிக்குப் பெரிய பாடாகிவிட்டது. மருந்து பட்டு விரல் பொரிந்தது, கண்டுகொள்ளவில்லை. உப்புத்தாளில் சொரசொரப்பானதை முதலிலும் நைசானதைப் பிறகும் போட்டுத் தேய்த்தார். இருபத்தைந்தாவது நாள் பத்துக் கதவும் சமையற்கட்டில் வரிசையாக மாட்டியாகிவிட்டது. ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை.

அம்மா ஒரு வார்னிஷ் டின்னோடு வந்தாள்.

"நாளைக்கு இதை அடிச்சிருங்க."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"இதுதான் அதோட நிஜம். இத்தனையும் உரிச்சது மறுபடி ஒரு பூச்சுப் பூசவா? காவி வாங்கப் போறவன் கையால செஞ்சது. இப்படியே இருக்கட்டும்."

"வெறும் மரமாவே இருக்கட்டுங்கிய?"

"ஆமாம்மா. ஒண்ணுமே ஒட்டாம."

அம்மா டின்னைப் பரணில் வைத்தாள்.

"சரி. நீங்க சொன்னபடி இருக்கட்டும்."

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். பாவம், நினைத்துக்கொள்ளட்டும்.

குருபூஜைக்கு நானூறு பேர் வந்தார்கள். சமைக்க ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஆவுடையப்பன் முகம் தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்து, ஆற்றுப்படிக்கட்டில் அண்டா தேய்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து மாலை வரை கரியும் சாம்பலுமாகக் கிடந்தார். மேலே பந்திச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவே இல்லை.

நாலு மணிக்குக் கடைசி அண்டாவைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

கதவெல்லாம் கை.

மஞ்சள் விரல்கள். எண்ணெய் உள்ளங்கைகள். புளித்தண்ணீர் வழிந்த கோடு. கீழ்க் கதவுகளில் சாம்பார் தெறித்த புள்ளிகள்.

"பேச்சி! யாரு இதெல்லாம்?"

"யாருன்னு சொல்ல? பன்னெண்டு பேரு, இருபத்தி நாலு கை. அரிசி எடுக்கணும், பருப்பு எடுக்கணும். பெயிண்ட் இருந்தப்போ ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா போயிரும். இது குடிக்குல்லா அண்ணாச்சி!"

ஈரத்துணியை எடுத்து ஒரு மஞ்சள் விரலைத் தேய்த்தார். ஒரு விரல் இருந்த இடம் ஒரு கையளவு ஆனது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுபத்து நாலு வயதில் ஒரு அலமாரிக் கதவுக்காக அழுவது வெட்கம்தான், ஆனால் வந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"பாத்தியளாம்மா? ஒரு மாச உழைப்பு."

"பாத்தேன்."

"சும்மா ஒரு விரல் பட்டாக்கூட உள்ள இறங்கிருது."

"வெறும் மரம்லா" என்றாள் அம்மா. பிறகு கேட்டாள்: "அந்த வார்த்தை போச்சா?"

அவர் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். பிறகு முதல் தடவையாக அதைச் சொன்னார்.

"எம் வீட்டுக்காரியோட பதினாறாம் நாள். வீடு நிறைய ஆளு. நான் இலையில உக்காந்து, ரசம் புளிக்குன்னு சொன்னேன். எம் மக கரண்டியைக் கீழ போட்டுட்டா. 'அம்மா சாப்பிட்டாளான்னு ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருக்கியளாப்பா'ன்னு கேட்டா. அத்தனை பேருக்கு முன்னால."

"கேட்டிருக்கியளா?"

"சபையில வச்சு அப்படிக் கேக்கலாமா?"

"நான் அதைக் கேக்கல."

அடுப்பில் ஏதோ ஒரு விறகு சடசடத்தது.

"இல்லம்மா. கேட்டதில்ல."

மகள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கு மாலையே மறந்துபோயிருப்பார்.

முகத்தை மறைக்கக் குனிந்தவர் கண்ணில் கடைசிக் கதவு பட்டது. பத்தாவது கதவு, தரையை ஒட்டி இருப்பது. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு கை. ஐந்து விரலும் விரித்து, அழியாமல், முழுசாக. அவருடைய உள்ளங்கையில் பாதிகூட இல்லை.

"இது யாரு? அடுப்படிக்குள்ள சின்னப் பிள்ளைய யாரு விட்டா?"

பேச்சி பதில் சொல்லவில்லை. பேச்சி பதில் சொல்லாமல் இருந்ததை அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"சொல்லு பேச்சி."

"மதுரையிலேருந்து ஒரு பொம்பள வந்தா அண்ணாச்சி. கூட நாலு வயசுப் பிள்ள. லெட்டர்ல எழுதியிருந்தேனேன்னு சொன்னா. உங்களைக் கேட்டா. அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லிட்டேன். நீங்கதானே சொல்லச் சொன்னிய."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அவ நம்பல. ஆனா மல்லுக்கட்டவும் இல்ல. 'சரிக்கா, பாத்தா வந்தோம்னு சொல்லுங்க'ன்னுட்டுப் பந்தியில போய் உக்காந்தா. பிள்ள மட்டும் எம் பின்னாலேயே உள்ள வந்துட்டு. எனக்கு மனசு கேக்கல. 'இந்த அலமாரியெல்லாம் உங்க தாத்தா உரிச்சதுதான் தாயி'ன்னு வாய் உளறிட்டேன்."

"அவ என்ன செஞ்சா?"

"மஞ்சள் கரைச்ச சட்டியில விளையாடிட்டு இருந்தா. அந்தக் கையோட வந்து இதுல வச்சா. வச்சவ கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல."

"அப்புறம்?"

பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"'தாத்தா சாப்பிட்டாங்களா?'ன்னு கேட்டா."

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப போனாங்க?"

"மூணு மணி பஸ்ஸுக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. அவர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த படிக்கட்டுக்கு மேலேதான் பஸ் நிற்கிற இடம். மூன்று மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டது. நினைவிருக்கிறது. அவர் வாய்விட்டு அழுதார். பேச்சியும் சேர்ந்து அழுதாள். அம்மா மட்டும் அழவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அழுகை ஓய்ந்த பிறகு அம்மா சொன்னாள்: "எண்ணெய்க் கறை லேசா நிக்கும். மஞ்சள் நிக்காது. கதவைக் கழத்தி வெயில்ல வச்சா ரெண்டு மூணு நாள்ல போயிரும்."

மறுநாள் காவி வாங்குகிற நாள்.

வெயில் ஏறத் தொடங்கியதும் மடித்த காவி வேட்டியோடு அம்மா வந்தாள். மதில் ஓரத்தில் கதவுகள் கிழக்கே பார்த்துச் சாய்ந்து நின்றன. எண்ணிப் பார்த்தாள்.

"ஒம்பதுதான் இருக்கு."

சமையற்கட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமாம்மா."

உள்ளே போனாள். ஆவுடையப்பன் பத்தாவது கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார். அவர் அதைக் கழற்றவில்லை. பரணில் இருந்த டின் கீழே வந்திருந்தது. மூடி திறந்திருந்தது.

"வார்னிஷ் போடப் போறேன்."

"கறையோடயா?"

"கறையோடதான்."

அம்மா அந்த மஞ்சள் கையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"பிரஷ்ஷால இழுக்காதிய. கலைஞ்சிரும். ஒத்தி ஒத்தி எடுங்க. நல்ல வேளை, இங்க வெயில் விழாது."

அவர் ஒத்தினார். கட்டைவிரல். ஆள்காட்டி விரல். சுண்டுவிரல் அரிசிமணி அளவு இருந்தது. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்துல தண்ணி இடுப்பளவு இருக்கு" என்றாள் அம்மா.

"சொந்தம்னு யாரும் இல்லன்னு அன்னைக்குச் சொன்னேன். அது பொய்ம்மா."

"தெரியும். எத்தனை பேரு?"

"ரெண்டு."

"பேரு?"

"வடிவு."

"இன்னொண்ணு?"

பிரஷ் நின்றது.

அவர் கதவைப் பார்த்தார். விரல் ஐந்தும் தெரிந்தன, ரேகைகூடத் தெரிந்தது. பேர் தெரியவில்லை. கல்யாண வீட்டில் துண்டை உதறிக்கொண்டு எழுந்தது ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் ஒரு வாய் வார்த்தைக்கு உட்கார்ந்திருந்தால் போதும்.

பிரஷ்ஷை டின்னுக்கு மேல் வைத்தார். ஜன்னலில் கிடந்த தகட்டை எடுத்தார். அதன் முனையில் இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தார். எழுந்து தன் அறைக்குப் போனார்.

பெட்டியைத் திறந்து வேட்டிகளை நகர்த்தினார். இந்த மாதம் வந்ததோடு சேர்த்து ஒன்பது உறைகள். தபால் முத்திரையைப் பார்த்துத் தேதிவாரியாக அடுக்கினார்; சர்வேயர் அல்லவா. முதல் உறையின் ஒட்டிய வாயில் தகட்டை வைத்தார். ஓரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு குறுக்கே இழுக்காமல், ஒட்டின ஓரத்தோடு மெதுவாகத் தகட்டை விட்டார்.

'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. பேர் இரண்டாவது வரியில் இருந்தது.

'பிரமு நல்லா இருக்கா. அம்மா பேரைத்தான் வச்சிருக்கோம்.'

கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குத் திரும்பி வந்தார். அம்மா அங்கேயே நின்றிருந்தாள். பேச்சி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் அவர் பார்க்கவில்லை. பத்தாவது கதவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வார்னிஷ் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தச் சின்னக் கைக்கு நேரே தன் கையைக் கொண்டுபோய், படாமல் நிறுத்திக்கொண்டார்.

"பிரமு" என்றார். "சாப்பிட்டியா?"